படத்தை நம்பி 18,600 ரூபாயை விட்டேன்: கப்பல் மாடல் கட்டுகிறவர்கள் கவனத்துக்கு

நேற்று ராத்திரிதான் கடைசிப் பதில் வந்தது. "உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது." அவ்வளவுதான். 18,600 ரூபாய் போச்சு. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வருடமாக 'கட்டி சார்க்' கட்டிக்கொண்டிருக்கிறேன். 1869இல் ஸ்காட்லாந்தின் டம்பார்ட்டனில் நீரில் இறக்கிய தேயிலைக் கப்பல். அசல் கப்பல் இன்றும் லண்டன் கிரீனிச்சில் நிற்கிறது. நான் கட்டுவது 96இல் ஒரு பங்கு, உடல் மட்டும் 67 செ.மீ. வரும். பலகைக் கீற்றுகளை ஊறப்போட்டு, வளைத்து, ஒட்டி, தேய்த்து, மூன்று பாய்மரத்தையும் நிறுத்தியாகிவிட்டது. மிச்சம் கயிறு வேலை. அசலில் கயிறும் கம்பியுமாகப் பதினோரு மைல் நீளம் என்பார்கள். 96ஆல் வகுத்தாலும் 180 மீட்டருக்கு மேல் நூல் வேண்டும்.

நூல் மட்டும் போதாது. கப்பிகள் வேண்டும், டெட்ஐ வேண்டும். டெட்ஐ என்பது மூன்று துளை போட்ட வட்ட மரச்சில்லு. பாய்மரத்தை இரண்டு பக்கமும் பிடித்து நிறுத்தும் கயிறுகளை இறுக்குவது அதுதான். எனக்கு வேண்டியது 3 மி.மீ. அளவு. நானே செய்து பார்த்தேன். பத்தில் எட்டு, துளை போடும்போதே பிளந்துவிட்டது.

அப்போதுதான் கைவினைச் சாமான் விற்கும் ஓர் இணையச் சந்தையில் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. பாக்ஸ்வுட் என்கிற கெட்டி மரத்தில் கப்பி, டெட்ஐ, ஐந்து பருமனில் பாலியெஸ்டர் நூல், பித்தளைச் சங்கிலி, நங்கூரம் எல்லாம் சேர்த்து ஒரே செட். கேள்வி அனுப்பினேன். பத்து நிமிடத்தில் போனே வந்துவிட்டது. "அண்ணே, நானும் கப்பல் கட்டுறவன்தான். சந்தை வழியா வாங்குனா கமிஷன் போயிரும், நேரா யூபிஐல போட்டுடுங்க, 18,600க்கு முடிச்சுத் தரேன்." கூடவே அவன் 'தன் கையால் கட்டிய' கட்டி சார்க்கின் படம் ஒன்று.

அந்தப் படத்தில்தான் விழுந்தேன். கப்பல் மாடலைப் படம் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு பாடு என்று. மேலே இருந்து எடுத்தால் பொம்மை மாதிரி இருக்கும். கேமராவைக் கப்பல் தளத்தின் உயரத்துக்குக் கொண்டுவர வேண்டும், துறைமுகத்தில் நிற்கிற ஆள் பார்ப்பதுபோல. கிட்டே போனால் முன்பக்கம் தெளிவாக இருக்கும், பின்பக்கம் கலங்கிவிடும். லென்ஸின் திறப்பை எஃப் 16க்குச் சுருக்கி, முக்காலியில் நிறுத்தி, கொஞ்சம் கொஞ்சமாகக் குவியத்தை நகர்த்திப் பல படம் எடுத்து ஒன்றாக்க வேண்டும். அவன் அனுப்பியதில் அத்தனையும் இருந்தது. கறுப்புத் துணி, பக்கவாட்டு வெளிச்சம், ஒவ்வொரு முடிச்சும் எண்ணுகிற மாதிரி. இத்தனை பொறுமை உள்ளவன் ஏமாற்றமாட்டான் என்று நினைத்தேன். 18,600 ரூபாயையும் ஒரே தடவையில் அனுப்பினேன்.

இருபத்து நாலாவது நாள் பெட்டி வந்தது. டெட்ஐ 5 மி.மீ. என் கப்பலின் கணக்கில் அது கிட்டத்தட்ட அரை மீட்டர் அகலச் சக்கரம்! பாதிக்கு மேல் இரண்டு துளைதான், சட்டைப் பொத்தான் மாதிரி. ஈரப் பஞ்சால் துடைத்தேன், பழுப்புச் சாயம் பஞ்சில் வந்துவிட்டது. நூல் நைலான், இழுத்துக் கட்டினால் மறுநாள் தொய்கிறது. நங்கூரம் பித்தளையே இல்லை, காந்தத்தில் ஒட்டுகிறது.

போன் போட்டேன். "மரம் இயற்கைப் பொருள் அண்ணே, கலர் முன்னப்பின்ன இருக்கும்." அளவு? "குடோன்ல கேட்டுச் சொல்றேன்." நாலு நாள். அப்புறம் "மாத்தி அனுப்பிட்டோம், வந்துரும்." இன்னும் ஐந்து நாள். அப்புறம், "அன்பாக்ஸிங் வீடியோ இருக்கா?" இல்லை என்றேன். அதோடு அண்ணே போய் சார் ஆகிவிட்டேன். "வீடியோ இல்லாம ஒண்ணும் பண்ண முடியாது சார்." அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. சந்தைக்காரர்களிடம் போனால், பணம் எங்கள் வழியாக வரவில்லை, தவிர ஏழு நாள் கெடுவும் தாண்டிவிட்டது என்கிறார்கள். கெடு தாண்டத்தான் அவன் என்னை இழுத்தடித்திருக்கிறான் என்பது அப்போதுதான் உறைத்தது.

ஆத்திரத்தில் அந்தப் படத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன். கட்டி சார்க்கின் முகப்பில் ஒரு சூனியக்காரியின் சிலை உண்டு. ஸ்காட்டியக் கவிதையில் வருகிறவள், குதிரையில் தப்பி ஓடுகிறவனைத் துரத்தி அதன் வாலைப் பிய்த்துவிடுவாள். அந்த வால் சிலையின் நீட்டிய இடது கையில் இருக்கும். அவன் அனுப்பிய படத்தில் வலது கையில் இருந்தது. படத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டுத் தேடினேன். வெளிநாட்டுக்காரர் ஒருவர் பல வருடத்துக்கு முன்னால் போட்ட படம்! தேடினால் சிக்கக் கூடாது என்று திருப்பிப் போட்டிருக்கிறான். இரண்டு வருடமாக அந்தச் சிலையின் வரைபடத்தை மேசை மேல் ஒட்டிவைத்திருக்கிறவன் நான். எனக்கே தெரியவில்லை.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், மனசு ஓடவில்லை. சந்தைக்கு வெளியே பணம் போடாதீர்கள். பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். அளவுகோல் பக்கத்தில் வைத்து, அன்றைய நாளிதழும் தெரிகிற மாதிரி சாமானைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பணம் போன உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு அடியுங்கள்; நான் ஒரு மாதம் தாண்டித்தான் அடித்தேன். நுகர்வோர் உதவி எண் 1915, அங்கேயும் பதிந்திருக்கிறேன்.

கட்டி சார்க் படத்தோடு யாராவது உங்களை "அண்ணே" என்று கூப்பிட்டால், முதலில் சிலையின் கையைப் பாருங்கள்.