கார் சாவி ரிமோட் பேட்டரி: சர்வீஸ் சென்டரா, வாட்ச் கடையா, வீடா?

கார் ரிமோட்டில் பேட்டரி தீர்ந்தால் மூன்று வழி இருக்கிறது. சர்வீஸ் சென்டரில் கொடுக்கலாம், கடைத்தெரு வாட்ச் கடையில் கொடுக்கலாம், வீட்டிலேயே மாற்றலாம். என் தேர்வு வீடு. காசு மிச்சம், நேரம் மிச்சம் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு: உள்ளே எந்த செல் போகிறது என்பதை நாமே பார்த்துத் தீர்மானிப்பது வீட்டில்தான் உறுதியாக நடக்கும். மாற்றிய ரிமோட் வருடக்கணக்கில் ஓடுமா, நாலு மாதத்தில் மறுபடி படுத்துவிடுமா என்பது பெரும்பாலும் அந்த செல்லைப் பொறுத்ததே.

இன்றைய கார் சாவிகள் பலவற்றில் இருப்பது சிஆர்2032 என்ற நாணய வடிவ செல். முதல் இரண்டு இலக்கம் விட்டம், 20 மிமீ. அடுத்த இரண்டு கனம், 3.2 மிமீ. மூன்று வோல்ட், ஏறக்குறைய 220 மில்லிஆம்பியர்-மணி. இந்தக் கொள்ளளவு 0.2 மில்லிஆம்பியர் போன்ற மிகச் சிறிய சுமையில் அளந்தது. பட்டனை அழுத்தி ரிமோட் சிக்னல் அனுப்பும் அந்த நொடியிலோ பத்து, பதினைந்து மில்லிஆம்பியர்கூடத் தேவைப்படும். அந்த நேரத்தில் செல்லின் உள்தடை, அதாவது செல்லுக்குள்ளேயே மின்னோட்டத்தை மறிக்கும் தடை, விளையாடும். புது செல்லில் அது பத்து இருபது ஓம் அளவில் இருக்கும். பழசானதிலும் மட்டமானதிலும் நூறு ஓமைத் தாண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: நூறு ஓம், 15 மில்லிஆம்பியர் என்றால் ஒன்றரை வோல்ட் உள்ளேயே விழுந்துவிடுகிறது. மல்டிமீட்டரில் 3 வோல்ட் காட்டிய செல், பட்டனை அழுத்தியதும் பாதியாகிவிடும். "மீட்டர்ல நல்லாத்தான் காட்டுது, கார்தான் திறக்கலை" என்ற புலம்பலுக்குக் காரணம் பல நேரம் இதுதான்.

வாட்ச் கடைக்காரர் கை நேர்த்தியானது. மூடியில் கீறல் விழாமல் திறப்பதில் மூவரில் அவர்தான் கெட்டிக்காரர். ஆனால் கைக்கடிகாரம் இழுப்பது ஒன்றிரண்டு மைக்ரோஆம்பியர். உள்தடை ஏறிய செல்கூட அதை மாதக்கணக்கில் ஓட்டும். அதனால் டிராயரில் உதிரியாகக் கிடக்கும் செல் தரமில்லை என்ற புகார் அவருக்கு வருவதே இல்லை. கார் ரிமோட்டில் போட்டால்தான் அதன் வண்டவாளம் தெரியும். அவரிடம் போவதென்றால் செல்லை நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள், வேலைக்கு மட்டும் காசு கொடுங்கள். வீட்டில் செய்யத் தயங்குகிறவர்களுக்கு இது நல்ல நடுவழி.

சர்வீஸ் சென்டர் உண்மையில் ஜெயிக்கும் இடங்கள் சில உண்டு. சாவி வாரண்டியில் இருந்தால், தண்ணீரில் விழுந்திருந்தால், புது செல் போட்டும் காரில் இம்மொபிலைசர் (வேறு சாவியில் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் பூட்டு) விளக்கு அணையாவிட்டால் அங்கேதான் போக வேண்டும். சில பழைய பிஎம்டபிள்யூ சாவிகளில் ரீசார்ஜ் ஆகும் செல்லை சர்க்யூட் போர்டில் சால்டர் வைத்துப் பற்றவைத்திருப்பார்கள். அதில் வீட்டில் கை வைக்காதீர்கள். மற்றபடி, வெறும் பேட்டரி மாற்றத்துக்காக அங்கே நாள் ஒதுக்குவது வீண்.

இனி வீட்டு வழி. முதலில் சாவியைத் திறந்து பழைய செல்லின் எண்ணைப் பாருங்கள், பிறகு கடைக்குப் போங்கள். பழைய ஹோண்டா சாவிகளில் 1616, 1620 போன்ற சிறியவை வரும். கார் வாங்கிய பிறகு வெளியே பொருத்திய சென்ட்ரல் லாக்கிங் ரிமோட்டுகள் சிலவற்றில் 23ஏ அல்லது 27ஏ என்ற 12 வோல்ட் சிறு உருளை பேட்டரி இருக்கும். 2032 இடத்தில் 2025 போட்டால் 0.7 மிமீ இடைவெளி விழும். காகிதம் மடித்து முட்டுக்கொடுத்தாலும் சாவி ஒருமுறை கீழே விழுந்தால் தொடர்பு விட்டுப்போகும். மாறாக, 2025 இடத்தில் 2032-ஐ அமுக்கினால் செல்லைத் தொடும் உலோகத் தகடு வளைந்துவிடும். எல்ஐஆர்2032 என்ற ரீசார்ஜ் செல்லை வாங்கவே வேண்டாம். முழு சார்ஜில் 4.2 வோல்ட் தரும், மூன்று வோல்ட்டுக்குச் செய்த சர்க்யூட்டுக்கு அது ஆபத்து. கொள்ளளவும் 40 மில்லிஆம்பியர்-மணி அளவுதான்.

அட்டையில் சீல் வைத்த பேக்காக, காலாவதி ஆண்டு தெளிவாக அச்சிட்டதாக வாங்குங்கள். நல்ல லித்தியம் செல் பத்து ஆண்டுவரை அலமாரியில் தாங்கும், ஆகவே அந்த ஆண்டு எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு நல்லது. பேனசோனிக், மேக்செல், முராட்டா, எனர்ஜைசர் எதுவானாலும் சரி, அசலாக இருக்க வேண்டும். மல்டிமீட்டர் இருந்தால் 470 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை செல்லின் குறுக்கே ஒன்றிரண்டு நொடி வைத்து அளந்து பாருங்கள். புதுசு 2.8 வோல்ட்டுக்கு மேலே நிற்கும். இரண்டரைக்குக் கீழே போனால் அந்த செல் ரிமோட்டுக்கு ஆகாது.

ஸ்மார்ட் கீயில் (பையில் இருந்தாலே காரைத் திறக்க விடும் சாவி) முதலில் உள்ளே செருகியிருக்கும் அவசரச் சாவியை உருவுங்கள். அது இருந்த இடத்திலேயோ பக்கத்திலேயோ ஒரு சிறு பள்ளம் இருக்கும். தட்டை ஸ்குரூடிரைவர் நுனியில் டேப் சுற்றி, அதில் வைத்து மெதுவாகத் திருகுங்கள். ஆழமாக நுழைத்தால் போர்டில் உள்ள கம்பிச் சுருளோ பட்டன் சுவிட்சோ போய்விடும். எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு செல்லை பிளாஸ்டிக் குச்சியால் நெம்புங்கள். உலோகச் சாமணம் இரண்டு முகத்தையும் தொட்டால் ஷார்ட் ஆகும். புது செல்லின் ஓரத்தைப் பிடித்தே வையுங்கள், விரல் எண்ணெய் படிந்தால் உலர்ந்த துணியால் துடையுங்கள். குழந்தைகள் வாயில் வைக்காதிருக்கக் கசப்புப் பூச்சு பூசிய செல்கள் வருகின்றன. நல்ல ஏற்பாடு. ஆனால் தகடு அந்தப் பூச்சின் மேலேயே பட்டால் சில சாவிகளில் தொடர்பு கிடைக்காது. ஃபிளிப் கீ (பட்டனை அழுத்தினால் மடிந்த சாவி வெளியே வருவது) என்றால் இன்னொரு கவனம்: சிலவற்றில், சாவியைக் காருக்கு அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டர் சிப் சிறு கறுப்புத் துண்டாகத் தனியே இருக்கும். அது கழன்று தொலைந்தால் கதவு திறக்கும், வண்டி ஸ்டார்ட் ஆகாது.

பேட்டரியை எடுத்தால் காரைத் திறக்கும் ரகசியக் குறியீடு (கோட்) அழிந்துவிடுமோ என்ற பயம் பலருக்கு உண்டு. பெரும்பாலான சாவிகளில் அழியாது, அது பேட்டரி இல்லாமலும் நிற்கும் நினைவகத்தில் இருக்கிறது. சில மாடல்களுக்கு மறுபடி இணைக்க வேண்டிவரும், அதற்கு ஓனர் மேனுவலில் சொன்ன முறையே சரி. வேலை செய்கிறதா என்று போன் கேமராவில் பார்ப்பது டிவி ரிமோட்டுக்குத்தான் சரிப்படும். இது அகச்சிவப்பு ஒளி இல்லை, ரேடியோ அலை. பத்தடி, முப்பதடி தூரத்தில் நின்று அழுத்திப் பார்ப்பதே சோதனை. கிட்டத்தில் மட்டும் வேலை செய்தால் செல்லையும் தகட்டையும் சந்தேகப்படுங்கள். ஒரு பட்டன் மட்டும் செத்திருந்தால் சுவிட்ச் தேய்ந்திருக்கும், அதற்கு பேட்டரி மருந்தல்ல.

கழற்றிய செல்லின் இரு பக்கமும் டேப் ஒட்டி, மின்கழிவில் போடும்வரை குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். 20 மிமீ செல் குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்தில் ஆழமாக அரித்துவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

இரண்டு செல் உள்ள பேக் வாங்கினால் மற்றதைப் பீரோவில் கிடக்கும் மாற்றுச் சாவிக்குப் போடுங்கள். ஸ்மார்ட் கீ சும்மா கிடந்தாலும் காரின் அழைப்புக்குக் காது கொடுத்துக்கொண்டே இருக்கும், அதனால் அதுவும் தீர்ந்துகொண்டேதான் இருக்கிறது.