பிறருக்குச் செய்து கொடுக்க எந்த போர்டு? மைக்ரோபிட், இஎஸ்பி32, ஆர்டுயினோ: பினாங்கிலிருந்து ஒரு மதிப்பீடு

சின்னக் கருவிகளை இயக்கும் குட்டிக் கணினிகளான மைக்ரோகண்ட்ரோலர் போர்டுகளைப் பற்றி எழுதப்படும் மதிப்பீடுகள் பெரும்பாலும் வேகம், நினைவகம், ஒயர் இணைக்கும் பின்களின் எண்ணிக்கை ஆகியவற்றைச் சுற்றியே நடக்கின்றன. நம் மேசையிலேயே கிடந்து, நாமே நோண்டிக்கொண்டிருக்கும் கருவிக்கு அந்தக் கணக்குப் போதும். செய்த பொருளை ஒரு பெட்டியில் அடைத்து, உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத, தெரிந்துகொள்ள அவசியமும் இல்லாத ஒருவர் கையில் கொடுத்துவிட்டு வரும்போது அளவுகோல் மாறிவிடுகிறது. மின்சாரம் போய் வந்தால் தானாக எழுந்து நிற்குமா, ஒயர் கழன்றால் வீட்டில் இருப்பவரே செருகிவிட முடியுமா, பழுதானால் அதே போர்டு அடுத்த வாரமும் கடையில் கிடைக்குமா என்பவைதான் அங்கே கேள்விகள். பட்டர்வொர்த், பிறை வட்டாரத்தில் தெரிந்தவர்களுக்காக நான் செய்து கொடுத்த சில கருவிகளை வைத்து, சொந்தக் காசில் வாங்கிய மூன்று வகை போர்டுகளை இந்தக் கேள்விகளோடு மட்டும் எடைபோடுகிறேன்.

வாங்கும் வசதியைப் பொறுத்தவரை பினாங்குக்காரர்களுக்குக் குறையில்லை. 1972இல் பாயான் லெப்பாஸில் தொழில்பேட்டை தொடங்கிய காலத்திலிருந்து மின்னணு உதிரிகளோடு பழகிய கைகள் இங்கே ஏராளம். போர்டுகளை விற்கும் சைட்ரான் நிறுவனம் பெருநிலத்திலேயே இருப்பதால், அங்கே இருப்பவர்கள் நேரிலேயே போய் வாங்கலாம். கோலாலம்பூரில் இருப்பவர்களுக்குப் புடு பக்கத்து ஜாலான் பாசார் கடைகள் உண்டு. இஎஸ்பி32 போர்டு ஒன்று பொதுவாக 20 முதல் 40 ரிங்கிட்டுக்குள் முடிந்துவிடுகிறது. மைக்ரோபிட்டுக்கு அதைப் போல இரண்டு மூன்று மடங்கு கொடுக்க வேண்டும். அந்தக் கூடுதல் விலை எங்கே திரும்பக் கிடைக்கிறது என்பதை முதல் கருவியே காட்டிவிட்டது.

பாகான் டாலாமில், பக்கவாதத்துக்குப் பிறகு படுக்கையிலேயே இருக்கும் ஒரு பாட்டிக்குக் கூப்பிடு மணி தேவைப்பட்டது. பின்னறையில் அவர் பொத்தானை அழுத்தினால், சமையற்கட்டில் இருக்கும் மருமகளுக்குக் கேட்க வேண்டும். இதற்கு நான் எடுத்தது மைக்ரோபிட் இரண்டாம் பதிப்பு. பிரிட்டனின் பிபிசி, 2016இல் பள்ளி மாணவர்களுக்கு இலவசமாக வழங்கிய போர்டின் வழிவந்தது இது. ஒலிபெருக்கியும் மைக்ரோபோனும் சேர்ந்த இந்தப் பதிப்பு 2020இல் வெளிவந்தது. இதன் தலைசிறந்த அம்சமாக நான் கருதுவது, வைஃபையோ புளூடூத் இணைப்போ இல்லாமல் இரண்டு மைக்ரோபிட்டுகள் ஒன்றோடொன்று நேராகப் பேசிக்கொள்ளும் ரேடியோ வசதி. இரண்டிலும் ஒரே குழு எண்ணைக் கொடுத்துவிட்டால் போதும்; கடவுச்சொல் கிடையாது, ரவுட்டர் கிடையாது, இணையக் கட்டணம் கட்டாமல் விட்டாலும் மணி அடிக்கும். மேக்கோட் என்ற நிரல் எழுதும் தளத்தில் கட்டளைக் கட்டங்களை இழுத்துப்போட்டே நிரலை எழுதி முடித்துவிடலாம். ரேடியோவின் வலிமை இயல்பாக 6இல் இருக்கும். வரிசை வீட்டின் கான்கிரீட் சுவர்களைத் தாண்ட அதை உச்ச அளவான 7க்கு ஏற்றிவிடுவது நல்லது.

முதலில் வைத்தபோது மணி சரியாகவே அடித்தது, பாட்டிக்குத்தான் நிம்மதியில்லை. "அமுக்குறேன், அங்க கேக்குதா கேக்கலையான்னு எனக்கு எப்படித் தம்பி தெரியும்?" என்று கேட்டார். கேட்ட கேள்வி நியாயமானது. எனவே சமையற்கட்டு போர்டு செய்தியைப் பெற்றவுடன் பதில் செய்தி அனுப்பவும், அது வந்ததும் படுக்கையருகே இருக்கும் 5க்கு 5 எல்இடி கட்டத்தில் ஒரு சரிக்குறி தோன்றவும் நிரலை மாற்றினேன். தனியாகத் திரை வாங்க வேண்டியதில்லை, ஒயர் இழுக்க வேண்டியதில்லை. அந்தச் சின்னக் கட்டமே போர்டோடு வருகிறது. சரிக்குறியைப் பார்த்த பிறகு அவர் ஒரு முறை அழுத்திவிட்டுக் காத்திருக்கத் தொடங்கினார். வேறு போர்டில் இதற்காக ஒரு திரை, நான்கு ஒயர், அந்தத் திரையை இயக்க ஓர் ஆயத்த நிரல் என்று கூட்டிக்கொண்டே போயிருக்க வேண்டும். மைக்ரோபிட்டின் கூடுதல் விலைக்கு எனக்குக் கிடைத்த கணக்கு இதுதான்.

குறைகளும் உண்டு. அதன் ஒலிபெருக்கி பொடிசு. கறி தாளிக்கும் சத்தத்திலும் தொலைக்காட்சித் தொடரின் அழுகையிலும் அது எடுபடாது. வெளியே ஒரு பஸ்ஸர் (ஒலியெழுப்பி) வைத்தாக வேண்டும், அதையும் பின்னில் நேரடியாகப் பொருத்தாமல் ஒரு டிரான்சிஸ்டர் வழியாக இயக்க வேண்டும். இரண்டு சிறிய ஏஏஏ பேட்டரிகளில் ஓடும் என்பது உண்மைதான் என்றாலும், ரேடியோ எப்போதும் விழித்திருக்கும் இந்த வேலையில் அவை சில நாள்களிலேயே தீர்ந்துவிடும் என்பதால், இரண்டு பக்கமும் யுஎஸ்பி மின்னூட்டியே சரி. இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை: பின்புறத்திலுள்ள ரீசெட் பொத்தானைச் சில நொடிகள் தொடர்ந்து அழுத்திப் பிடித்தால் இரண்டாம் பதிப்பு உறக்க நிலைக்குப் போய்விடும். வீட்டில் துருதுருவென்று பேரப்பிள்ளைகள் இருந்தால், மணி காரணமே தெரியாமல் செத்துப்போனதாகத் தோன்றும். அந்தப் பொத்தானுக்குக் கை எட்டாதபடி பெட்டியை அமைத்துவிட வேண்டும்.

அடுத்தது இஎஸ்பி32. சீனாவின் எஸ்பிரெசிஃப் நிறுவனம் 2016இல் வெளியிட்ட சில்லு. 240 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடும் இரட்டைக் கரு, 520 கிலோபைட் நினைவகம், வைஃபை, புளூடூத் என்று காகிதத்தில் பார்த்தால் மற்ற இரண்டையும் இது தூக்கிச் சாப்பிட்டுவிடும். காது கேளாத ஒரு தையற்காரருக்கு, வாசலில் யாராவது அழைப்பு மணியை அழுத்தினால் தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் விளக்கு மின்னும்படி ஒன்றை இதில் செய்தேன். வேலை நன்றாகவே நடக்கிறது. ஆனால் மைக்ரோபிட்டைப் போல இது மன்னிக்கும் குணம் கொண்ட போர்டு அன்று.

முதல் சங்கடம் மின்சாரம். வைஃபை அலையை அனுப்பும் கணத்தில் இந்தச் சில்லு நூற்றுக்கணக்கான மில்லி ஆம்பியரை ஒரே மூச்சில் உறிஞ்சும். மெலிந்த கேபிளும் மலிவு மின்னூட்டியும் சேர்ந்தால் மின்னழுத்தம் சரிந்து, போர்டு தன்னைத்தானே மீண்டும் தொடங்கும். கணினியில் இணைத்திருந்தால் பிரவுன்அவுட் (மின்னழுத்தச் சரிவு) என்ற செய்தி தெரியும், தையற்காரருக்கோ விளக்கு எரியவில்லை என்பது மட்டுமே தெரியும். டைப்-சி வாய் கொண்ட மலிவு போர்டுகளில் வேறொரு தொல்லை. இரண்டு சின்ன மின்தடைகளை மிச்சம் பிடித்திருப்பதால், இப்போதைய கைத்தொலைபேசிகளோடு வரும் சி-க்கு-சி கேபிளில் அவற்றுக்கு மின்சாரமே வராது. பழைய ஏ-க்கு-சி கேபிளில் உடனே உயிர் பெறும். கருவியோடு கேபிளையும் மின்னூட்டியையும் நாமே சேர்த்துக் கொடுத்துவிடுவதுதான் வழி. பவர் பேங்க் வேண்டாம். குறைந்த மின்னோட்டத்தைக் கண்டால், எதுவும் இணைக்கப்படவில்லை என்று எண்ணி அவற்றில் பல தானாகவே அணைந்துவிடும்.

இரண்டாவது, பின்கள். 34 முதல் 39 வரையிலான பின்கள் உள்ளீட்டுக்கு மட்டுமே பயன்படும். அவற்றில் உள்ளிருந்து மின்னழுத்தத்தை உயர்த்திப் பிடிக்கும் மின்தடையும் கிடையாது. பொத்தானை அங்கே வெறுமனே இணைத்தால், வாசலில் ஆளே இல்லாமல் விளக்கு மின்னும். போர்டு தொடங்கும் நேரத்தில் 12ஆம் பின்னில் மின்னழுத்தம் உயர்நிலையில் இருந்தால், அது எழுந்திருக்கவே மறுக்கும். வைஃபை இயங்கும்போது மின்னழுத்தத்தை அளப்பதற்கான இரண்டாம் அனலாக் தொகுதியின் பின்கள் எதையும் அளக்க மாட்டா. இவையெல்லாம் ஆவணத்தில் எழுதப்பட்டவைதான், மறைவானவை அல்ல. ஆனாலும் கடையில் போர்டோடு கொடுக்கும் துண்டுச்சீட்டில் இவை இருப்பதில்லை.

மூன்றாவது, வைஃபையே. வீட்டு இணையத்தின் மீது சாய்ந்து நிற்கும் கருவி, இணைய நிறுவனத்து ஆள் வந்து ரவுட்டரை மாற்றிவிட்டுப் போகும் நாளில் ஊமையாகிவிடும். பெயரும் கடவுச்சொல்லும் மாறியதை அந்தப் பெட்டிக்கு யார் சொல்வது? ஆகையால் தையற்காரரின் கருவியில் ஈஎஸ்பி-நவ் என்ற முறையைப் பயன்படுத்தினேன். ஒரு முறைக்கு 250 பைட் வரை, ரவுட்டர் இல்லாமலேயே போர்டுக்கு போர்டு அனுப்பலாம். அழைப்பு மணிக்கு ஒரு பைட்டே அதிகம். இந்த வசதி தெரிந்த பிறகுதான் இஎஸ்பி32ஐ இத்தகைய வேலைகளுக்குப் பரிந்துரைக்க எனக்கு மனம் வந்தது. விளக்குக்கு 12 வோல்ட் எல்இடி பட்டையை மாஸ்ஃபெட் என்ற மின்னணு சுவிட்ச் வழியாக எரியவிட்டேன். வீட்டு மின்சாரமான 230 வோல்ட்டை ரிலே மூலம் தொடும் வேலையை, அதற்குரிய சான்றிதழ் பெற்றவர் அல்லாத எவரும் பிறர் வீட்டில் செய்யக் கூடாது என்பது என் திடமான கருத்து.

ஆர்டுயினோவுக்கு வருவோம். 2005இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் வடிவமைப்பு மாணவர்களுக்காகப் பிறந்த இந்தக் குடும்பத்தில், எல்லோரும் அறிந்தது ஊனோ ஆர்3. 32 கிலோபைட் நிரல் இடமும் 2 கிலோபைட் நினைவகமும் இன்றைய கணக்கில் மிகச் சொற்பம். பினாங்கில் உருவான மேக்கர் ஊனோ, அதே வடிவத்தில் எண்ணியல் பின்களுக்கு எல்இடிகள், ஒரு பஸ்ஸர், ஒரு பொத்தான் ஆகியவற்றைப் போர்டிலேயே சேர்த்திருப்பதால், தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க அதைவிடத் தோதானதை நான் பார்க்கவில்லை. கற்பதற்கு ஊனோ சரி. செய்து கொடுப்பதற்கு நான் நாடுவது அதன் உடன்பிறப்பான லியோனார்டோவை.

காரணம் எளிது. லியோனார்டோவில் உள்ள ஏடிமெகா32யு4 சில்லு, யுஎஸ்பியில் செருகியவுடன் தன்னை விசைப்பலகையாகவோ சுட்டியாகவோ கணினிக்கு அறிமுகப்படுத்திக்கொள்ளும். ஊனோ ஆர்3இன் சில்லுக்கு அது இயலாது. மூளை முடக்குவாதத்தால் விரல்களைத் தனித்தனியே அசைக்க முடியாத ஓர் இளைஞருக்கு, உள்ளங்கையால் தட்டக்கூடிய ஒரே ஒரு பெரிய பொத்தானை இதில் பொருத்தினேன். ஓடிஜி கேபிள் வழியாக அவருடைய ஆண்ட்ராய்டு கைத்தொலைபேசியில் செருகி, ஆண்ட்ராய்டின் சுவிட்ச் அக்சஸ் வசதியை இயக்கினால், திரையில் உள்ளவை ஒவ்வொன்றாக ஒளிர்ந்து நகரும். வேண்டியது வந்ததும் அவர் தட்டுவார். தனியாக டிரைவர் மென்பொருள் வேண்டாம். கனடாவின் நீல் ஸ்குவயர் அமைப்பு, வாயால் இயக்கும் லிப்சிங்க் கருவியை இதே சில்லு கொண்ட ஆர்டுயினோ மைக்ரோவில் வடிவமைத்து எல்லோருக்கும் திறந்துவிட்டதும் இந்த யுஎஸ்பி குணத்தை நம்பித்தான்.

இங்கே நிரலைவிட நேரம்தான் முக்கியம். பொத்தானின் உலோக இதழ்கள் தொடும்போது ஏற்படும் அதிர்வை விலக்க வழக்கமாக 20 முதல் 50 மில்லிநொடி காத்திருந்தால் போதும். கை நடுங்குபவருக்கு அது போதவே போதாது: ஒரு தட்டு மூன்று தட்டாகப் பதிவாகி, வேண்டாத எண்ணுக்கு அழைப்பு போய்விடும். இந்த இளைஞருக்கு 300 மில்லிநொடிக்கு மேல் வைத்த பிறகுதான் ஒரு தட்டு ஒரு தட்டாக நின்றது. அந்த அளவைப் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு திருகு குமிழாக வைத்துவிட்டதால், அசதியான நாள்களில் அவருடைய அக்காவே அதைக் கூட்டிவைக்கிறார். பொத்தானைப் போர்டோடு நிரந்தரமாகப் பற்றவைக்காமல், 3.5 மில்லிமீட்டர் மோனோ ஜாக்கில் கொடுப்பதும் முக்கியம். மாற்றுத்திறனாளிகளுக்கான சுவிட்சுகளில் உலகெங்கும் வழக்கில் இருப்பது அதுதான். 2018இல் வந்த எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கண்ட்ரோலர்கூட அதே ஜாக்கைத்தான் ஏற்கிறது. நாளை அவர் வேறு சுவிட்சு வாங்கினாலும் நம் பெட்டி வீணாகாது. லியோனார்டோவில் ஓர் எச்சரிக்கை: பொத்தான் சிக்கிக்கொண்டால் அது விடாமல் எழுத்துகளைக் கொட்டும். ஆகவே ஒரு விசை எவ்வளவு நேரம் அழுந்தியிருக்கலாம் என்பதற்கு நிரலில் வரம்பு வைக்க வேண்டும்.

எந்த போர்டாக இருந்தாலும், பற்றவைக்காத தற்காலிகப் பலகையான பிரெட்போர்டில் செருகியபடியே யாருக்கும் கொடுக்கக் கூடாது. கடற்கரையை ஒட்டிய நம் ஊர் ஈரத்தில் ஜம்பர் ஒயர் முனைகள் சில மாதங்களில் மங்கி, தொடர்பு விட்டு விட்டு வரும். துளைப் பலகையில் பற்றவைத்து, ஒயரைப் பெட்டியின் சுவரில் கட்டி, இழுத்தாலும் பற்றவைப்பில் பாரம் விழாதபடி செய்ய வேண்டும். படுக்கையறையில் வைப்பதென்றால் போர்டின் சிவப்பு மின்விளக்கைக் கறுப்பு ஒட்டுநாடாவால் மூடிவிடுங்கள்; பகலில் கண்ணுக்கே தெரியாத அந்தப் புள்ளி, இரவு இரண்டு மணிக்குத் தூக்கத்தைக் கெடுக்கும்.

விழுந்ததைக் கண்டறிவது, வலிப்பை அறிவிப்பது, மருந்தளவைக் கட்டுப்படுத்துவது போன்றவற்றுக்கு இந்த போர்டுகள் எவற்றையும் நான் பயன்படுத்த மாட்டேன். மலேசியாவில் அத்தகைய கருவிகளுக்கென்று 2012ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிகள் சட்டம் இருக்கிறது. பொழுதுபோக்கு போர்டுக்கு அங்கே இடமில்லை. பாட்டியின் கட்டிலருகே மணியோடு கைத்தொலைபேசியும் இருக்கிறது, அவசர உதவிக்கான 999 அதில் முதல் எண்ணாகப் பதிந்திருக்கிறது.

இன்று புதிதாக ஒன்று செய்து கொடுக்கச் சொன்னால், அறைக்கு அறை மணி என்றால் மைக்ரோபிட், கைத்தொலைபேசி அல்லது கணினியை இயக்குவதென்றால் லியோனார்டோ, வாசலுக்கும் உள்ளறைக்கும் இடையே தூரம் அதிகம் அல்லது கருவிகள் பல வேண்டும் என்றால் ஈஎஸ்பி-நவ் முறையில் இஎஸ்பி32 என்று வாங்குவேன். ஒவ்வொன்றிலும் ஒரு போர்டு கூடுதலாக வாங்கி, அதே நிரலை ஏற்றி, எந்த ஒயர் எங்கே என்று தமிழில் எழுதிய சீட்டோடு பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுவேன். மைக்ரோபிட் என்றால் அந்த உபரி போர்டின் விலை கொஞ்சம் உறைக்கும்; இருந்தாலும் செலவுக் கணக்கில் அதை முதலிலேயே சேர்த்துவிடுவது நல்லது.