பிராக்கா, கிராக்கோவா: ஒரு நாளை எந்தச் சதுக்கத்துக்குக் கொடுப்பது?

மத்திய ஐரோப்பா போகிறவர்கள் இந்த இரண்டு ஊர்களையும் ஒரே பயணத்தில் சேர்த்துவிடுவது வழக்கம். நாள் போதாதபோதுதான் கேள்வி வரும்: செக் தலைநகர் பிராக்கின் பழைய நகரச் சதுக்கமா, போலந்தில் கிராக்கோவ் நகரின் சந்தைச் சதுக்கமா? நான் கிராக்கோவ் கட்சி. ஆனால் பிராக்கையும் லேசில் தள்ளிவிட முடியாது.

இரண்டு இடத்திலும் மணிக்கொரு முறை கூட்டம் அண்ணாந்து பார்க்கும். பிராக்கில் 1410-இல் செய்த வானியல் கடிகாரம். மணியடிக்கும் நேரத்தில் எலும்புக்கூடு கயிற்றை இழுக்கும். மேலே இரண்டு சன்னல்கள் திறந்து இயேசுவின் சீடர்கள் வரிசையாக முகம் காட்டிப் போவார்கள். கடைசியில் சேவல் கூவும். அவ்வளவுதான். கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக் காத்திருந்தவர்கள் 'இதற்கா இவ்வளவு நேரம்?' என்று ஒருவரையொருவர் பார்ப்பார்கள். உண்மையில் பார்க்க வேண்டியது பொம்மைகளை அல்ல, கீழே இருக்கும் முகப்பை. மேஷம் முதல் மீனம் வரை பன்னிரண்டு ராசிகளில் சூரியன் எங்கே நிற்கிறது, நிலா வளர்கிறதா தேய்கிறதா, சூரியன் மறைவதிலிருந்து கணக்கிடும் பழைய போஹேமிய (போஹேமியா என்பது செக் பகுதியின் பழைய பெயர்) நேரம் என்ன என்று அத்தனையும் அதில் ஓடிக்கொண்டிருக்கிறது. சேவல் கூவி கூட்டம் கலைந்த பிறகு போய் நின்றால் நிதானமாகப் பார்க்கலாம்.

கிராக்கோவில் பொம்மை இல்லை, ஆள். மரியன்னை பேராலயத்தின் உயரமான கோபுரத்திலிருந்து தீயணைப்பு வீரர் ஒருவர் இரவு பகல் பாராமல் மணிக்கொரு முறை ஊதுகுழல் வாசிக்கிறார். நான்கு திசைக்கும் ஒவ்வொரு முறை. ராகம் பாதியில் சட்டென அறுந்துவிடும். மங்கோலியர் படையெடுப்பில் காவல்காரன் தொண்டையில் அம்பு பாய்ந்ததால்தான் என்று ஒரு கதை. கதைதான், வரலாறு இல்லை. வாசித்து முடித்ததும் அவர் சன்னல் வழியே கையசைப்பார், கீழே இருப்பவர்களும் பதிலுக்கு அசைப்பார்கள். எனக்குக் கடிகாரத்தைவிட இதுவே பிடித்தது.

இடத்தைப் பொறுத்தவரை போட்டியே இல்லை. 1257-இல் அளந்து போட்ட கிராக்கோவ் சதுக்கம் பக்கத்துக்குச் சுமார் 200 மீட்டர். பிராக் சதுக்கம் அதில் கால்வாசிகூட வராது. கோடை மதியத்தில் அங்கே தோளோடு தோள் உரசித்தான் நடக்க வேண்டும். கிராக்கோவில் நட்டநடுவே ஜவுளி மண்டபம் நீளமாக நிற்பதால் சதுக்கம் முழுவதும் ஒரே பார்வையில் அகப்படாது. சுற்றி வரச் சுற்றி வர வேறு வேறு சதுக்கமாகத் தெரியும்.

கோயில்களுக்குள் போனாலும் கிராக்கோவ்தான். சிற்பி ஃபைட் ஷ்டோஸ் 1477 முதல் 1489 வரை செதுக்கிய மரப் பீடம் மரியன்னை பேராலயத்தில் இருக்கிறது. நாஜிகள் ஜெர்மனிக்குத் தூக்கிப் போய், போருக்குப் பின் திரும்பி வந்தது. அதன் கதவுகளை நண்பகலுக்குச் சற்று முன் திறப்பார்கள். அதற்கு முன்னால் போனால் மூடிய பலகைகளைத்தான் பார்க்கலாம். பிராக்கின் டீன் தேவாலயத்தில் வானியலாளர் டைக்கோ பிராஹியின் கல்லறை உண்டு. மற்றபடி அதன் இரட்டைக் கோபுரம் வெளியே நின்று பார்க்கத்தான் அழகு.

பிராக் ஜெயிப்பது காலடியில். நகரமன்றக் கோபுரத்தின் அருகே தரைக்கல்லில் 27 வெள்ளைச் சிலுவைகள் பதித்திருக்கிறார்கள். ஹாப்ஸ்பர்க் பேரரசரின் படையிடம் வெள்ளை மலைப் போரில் தோற்ற பிறகு, 1621 ஜூன் 21 அன்று அந்த இடத்தில் கொல்லப்பட்ட போஹேமியத் தலைவர்களுக்காக. பகலில் அவற்றின் மேலேயே செல்ஃபி எடுத்துக்கொண்டிருப்பார்கள். காலை ஏழு மணிக்கு முன் போனால் ஒவ்வொன்றாக எண்ணலாம். செக் மதச் சீர்திருத்தவாதி யான் ஹுஸின் சிலையும் அப்போதுதான் ஆள் மறைக்காமல் தெரியும்.

சாப்பாடு, காசு விஷயம் சுருக்கமாக. இரண்டு ஊரிலும் யூரோ கிடையாது; பிராக்கில் கொருனா, கிராக்கோவில் ஸ்வோட்டி. சதுக்கத்தை ஒட்டிய பணமாற்றுக் கடையில் பலகையில் இருக்கும் எண்ணை நம்பாமல், கையில் எவ்வளவு வரும் என்று முதலில் கேளுங்கள். பிராக்கில் 'பழைய செக் பலகாரம்' என்று விற்கும் திர்தெல்னிக்கிற்கு அவ்வளவு பழைய செக் வரலாறு எதுவும் இல்லை. கிராக்கோவில் தள்ளுவண்டியில் விற்கும் ஒப்வஜானெக் என்ற வளைய ரொட்டி அசல் உள்ளூர்ச் சரக்கு, விலையும் குறைவு. காலையிலேயே வாங்கிவிடுங்கள், சாயங்காலத்துக்குள் விறைத்துவிடும்.

ஆக என் கணக்கு: பிராக்கிற்கு ஒரு விடியற்காலை, கிராக்கோவுக்கு ஒரு முழு நாள். குழந்தைகளோடு போகிறீர்கள் என்றால் மட்டும் கடிகாரத்துக்காகப் பிராக்கில் இன்னும் ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். எலும்புக்கூடு அவர்களை ஏமாற்றாது.