“பத்து நிமிஷ வேலைதான் சார்” என்று பகலில் சர்வரில் கை வைப்பவர்களிடம் உஷார்!

காலை 11 மணிக்கு ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்த) ஆள் வந்து “ஒரு அப்டேட் மட்டும் போட்டுட்டுப் போயிடறேன்” என்றால் சர்வர் முன்னால் உட்கார விடாதீர்கள். ஒரு மொத்த மருந்துக் கடையில் அப்படி விட்டதன் விளைவு, இரண்டு நாள் பில் போட முடியவில்லை.

அங்கே பில், ஸ்டாக் விவரங்களைச் சேமிக்கும் டேட்டாபேஸ் மென்பொருளாக ஓடியது மைஎஸ்க்யூஎல் 5.7. அதற்கான ஆதரவு 2023 அக்டோபரில் முடிந்துவிட்டது, ஆகவே 8.0-க்கு மாறியதில் தவறில்லை. மாற்றிய விதம்தான் அநியாயம். “பேக்கப் எடுத்தாச்சு” என்றார்கள். எடுத்தது அதே ஹார்ட் டிஸ்க்கின் டி டிரைவில், அதுவும் சர்வீஸை நிறுத்தாமல் டேட்டா ஃபோல்டரை அப்படியே காப்பி போட்டு. டேட்டாபேஸ் எழுதிக்கொண்டிருக்கும்போது எடுத்த காப்பியில் ஒரு ஃபைல் பழையதாகவும் இன்னொன்று புதியதாகவும் இருக்கும். அதை நம்பி மீட்க முடியாது.

அப்டேட் முடிந்து பில் திரை திறந்தது. சரக்குப் பட்டியலைத் தொட்டதும் பிழை எண் 1064, அதாவது கட்டளை எழுதிய விதம் தவறு என்று அர்த்தம். ‘குரூப்ஸ்’, ‘ரேங்க்’ போன்ற சொற்களை 8.0 தன் கட்டளைகளுக்கென ஒதுக்கிக்கொண்டது, அவற்றை டேபிளின் பெயராக அப்படியே எழுதினால் ஏற்காது; அந்த மென்பொருளில் சரக்குப் பிரிவு டேபிளின் பெயரே ‘குரூப்ஸ்’! மைஎஸ்க்யூஎல் ஷெல் என்ற துணைக் கருவியில் உள்ள அப்கிரேட் செக்கரை முன்கூட்டியே ஓட்டியிருந்தால் இது தெரிந்திருக்கும். சரி, பழையதுக்கே போகலாம் என்றால், 8.0 மாற்றிய டேட்டாவை 5.7 திறக்காது. பேக்கப் ஒன்றுதான் வழி, அதன் லட்சணம் மேலே சொன்னது. இத்தனைக்கும் பிறகு “டேட்டா ரெக்கவரி” என்று தனி பில் வேறு நீட்டினார்கள். தாங்களே கெடுத்ததைச் சரிசெய்ய அவர்கள் கேட்கும் அந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

அடுத்த முறை மைஎஸ்க்யூஎல்டம்ப் என்ற பேக்கப் கருவி கொண்டு எடுத்த பேக்கப்பை வேறொரு கணினியில் ஏற்றி, பில் போட்டு, ஸ்டாக் பார்த்து, பிரிண்ட் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். ஏற்ற எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரம் பாருங்கள். 45 நிமிஷம் ஆனால், கடை மூடிய பிறகு வேலைக்கு ஒரு மணி நேரமும், கெட்டுப்போனால் திரும்ப அந்த 45 நிமிஷமும் தனியாக வேண்டும். எத்தனை மணிக்குள் சரியாகாவிட்டால் பழையதுக்குத் திரும்புவது என்பதை முன்பே எழுதி வாங்குங்கள். “இன்னும் அஞ்சு நிமிஷம்” என்று இழுப்பதில்தான் விடிந்துவிடுகிறது.

திரும்பும் வேலை லேசானது என்று நினைக்க வேண்டாம். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் தன் அப்டேட்டில் அனுப்பிய பழுதான ஃபைலை 78 நிமிஷத்தில் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆனால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன. பலவற்றை ஒவ்வொன்றாக சேஃப் மோடில் திறந்து கையாலேயே சரிசெய்ய வேண்டியிருந்தது.

மாதக் கடைசி வேண்டாம். மாதாந்திர ஜிஎஸ்டி கணக்குகளில் ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்) தாக்கலுக்கான 11-ம் தேதி, ஜிஎஸ்டிஆர்-3பி-க்கான (வரி கட்டும் சுருக்கக் கணக்கு) 20-ம் தேதி, இவற்றுக்கு முந்தைய இரண்டு நாட்களும் வேண்டாம். அச்சடித்த பில் புத்தகம் ஒன்றைத் தனி வரிசை எண்ணோடு தயாராக வையுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட வரிசை வைத்துக்கொள்ள ஜிஎஸ்டி விதி அனுமதிக்கிறது. சர்வர் எழுந்ததும் அந்தக் கைப்பில்களை அதே எண்ணில் ஏற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் ஸ்டாக் இடிக்கும்.