13,500 ரூபா குடுத்து பல்லைத் தொலைச்சேன், ரூட் கேனால் பண்ணப் போறவங்க படிச்சிட்டுப் போங்க

ராத்திரி பூரா தூக்கம் இல்ல, கன்னம் ஒருபக்கம் கொழுக்கட்டை மாதிரி வீங்கிக் கெடக்கு, அந்தக் கோவத்துலயே டைப் பண்றேன். கிளினிக் பேர் சொல்லல. திருச்சியில புதுசு புதுசா வருதே, கண்ணாடிக் கதவு, ஏசி, காபி மெஷின் வச்ச பல் கிளினிக், அதுல ஒண்ணு. என்னென்ன கவனிக்கணும்னு கடைசியில விவரமா சொல்றேன்.

கீழ் கடவாய்ப்பல் சொத்தை. ரூட் கேனால், அதான் பல் வேருக்குள்ள சுத்தம் பண்ணி அடைக்கிறது, அதுக்கு 6,000, மேல மாட்டுற கேப் 5,000ன்னாங்க, சரின்னேன். அப்புறம்தான் அந்த டாக்டர் தம்பி ஸ்டூலை இழுத்துப் போட்டு பக்கத்துல உக்காந்து, எக்ஸ்ரேவை பெருசாக்கிக் காட்டி, "கையால மட்டும் க்ளீன் பண்ணா மூலைமுடுக்குல கிருமி தங்கிடும்மா, அல்ட்ராசோனிக் மெஷின் போட்டா சுத்தமாயிடும், பல்லுக்கு ஒண்ணுமே ஆகாது, 2,500 எக்ஸ்ட்ரா"ன்னார். நம்ம வீட்டுப் பையன் மாதிரி அவ்வளவு பொறுமையா பேசினாரு பாருங்க, அங்கதான் விழுந்தேன். கேப்புக்கும் சேத்து 13,500, அங்கேயே ஜிபே.

மெஷின் போட்டதும் ஙொய்ங்னு ஒரு சத்தம். பல்லைச் சுத்தி ரப்பர் ஷீட் எதுவும் மாட்டல, மருந்துத் தண்ணி நாக்குல வழிஞ்சு ப்ளீச்சிங் பவுடர் நாத்தம். நடுவுல கரகரன்னு எதையோ சுரண்டுற மாதிரி அதிர்வு தாடை வரைக்கும் வந்துச்சு, கையைத் தூக்கினேன். "நார்மல்தான்மா"ன்னுட்டார்.

ஒரு மாசம் கழிச்சு கடிச்சா வலி, ஈறுல சின்னதா ஒரு கொப்புளம். போன் பண்ணா ரிசப்ஷன் பொண்ணு "டாக்டர் கேம்ப்ல இருக்கார் மேம்"ங்கும். கேப் எங்கேன்னா "லேப்ல இருந்து வரல மேம்". நேர்ல போனா அஞ்சு நாள் மாத்திரை. மூணாவது தடவை என் வாயைக்கூட பாக்கல, "உப்புத்தண்ணி கொப்பளிங்க"ன்னு அனுப்பிட்டாங்க. வாங்கினது 13,500!

வேற ஒரு வயசான பல் டாக்டர்கிட்ட போனேன். மெல்லிசான கம்பியை ஈறோரமா நகத்திக்கிட்டே வந்தார், ஒரே ஒரு இடத்துல மட்டும் சரக்குன்னு ஆழமா இறங்குச்சு. வேர் நெட்டுக்கு விரிசலாம், ஒட்ட முடியாதாம், எடுத்துத்தான் ஆகணுமாம். மெஷினைக் குத்தம் சொல்லல அவர். நொடிக்கு 25,000 தடவைக்கு மேல அதிர்ற ஊசி அது, மருந்துக்குள்ள சுவர்ல படாம நின்னு அதிரணும், அப்ப மருந்து சுழண்டு அழுக்கைக் கிளப்பும். சுவர்ல வச்சு அழுத்தினா பல்லையே செதுக்கிடும், வளைஞ்ச வேர்ல படி வெட்டின மாதிரி ஆயிடும், சிலநேரம் ஊசியே முறிஞ்சு உள்ள மாட்டிக்குமாம். அவர் எடுத்த எக்ஸ்ரேல ஒரு வேர் உள்ள ஒருபக்கமா பள்ளம், சுவர் மெலிஞ்சு போயிருக்கு. "அதனாலதான் விரிஞ்சதுன்னு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா, கேப் இல்லாம ரெண்டு மாசம் மென்னிருக்கீங்க, அதுவும் சேந்திருக்கும்"னார். கேப்புக்குத்தான் முன்னாடியே காசு கட்டிட்டேனே!

திரும்பப் போய்க் கேட்டா, "உங்க பல்லே வீக் மேம், கையெழுத்து போட்டிருக்கீங்களே"ங்கிறாங்க. 13,500ல அஞ்சு பைசா தரல.

விவரமா சொல்றேன்னேன், முடியல, வலிக்குது. ரப்பர் ஷீட் மாட்டுவீங்களான்னு கேளுங்க. கேப்புக்கு முன்பணம் முழுசா குடுக்காதீங்க, கேப் லேட்டானா அந்தப் பக்கம் மெல்லாதீங்க. எக்ஸ்ரே காப்பி அன்னைக்கே வாங்கிடுங்க, எனக்கு இன்னும் தரல.

நாளைக்குக் காலைல புடுங்குறாங்க. அதுக்கு 1,500 தனி.