ஐசியூ கண்ணுக்குச் சொட்டா, ஆயின்மென்டா, பாலிதீன் மூடியா?

வென்டிலேட்டரில் தூக்க மருந்தோடு கிடப்பவருக்குக் கண் சிமிட்டல் நின்றுவிடும். தசைத் தளர்வு மருந்தும் ஓடினால் இமையை மூடிப் பிடிக்கும் தசையே தொய்ந்து, கண் அரைகுறையாகத் திறந்து கிடக்கும். கருவிழி காய்ந்து மேல்தோல் உரியும். அதைத் தடுக்க வார்டில் புழங்கும் மூன்று பொருள்களையும் இங்கே எடைபோடலாம்.

செயற்கைக் கண்ணீராகப் போடும் 0.5 சதவீத கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் சொட்டு, சிமிட்டும் கண்ணுக்குத்தான் சரி. சிமிட்டாத கண்ணில் அது பரவாது. ஓரமாக வழிந்து காதோரம் போய்ச் சேரும். ஐசியூவுக்கு இது போதாது.

வெள்ளை பாரஃபினும் திரவ பாரஃபினும் கலந்த ஆயின்மென்ட் நின்று வேலை செய்யும். 4 மணி நேரத்துக்கு ஒருமுறை போட வேண்டும். முதலில் சலைனில் நனைத்த காஸ் துணியால் பழைய பசையைத் துடையுங்கள். துடைக்காமல் மேலே மேலே போட்டால் இமை முடியெல்லாம் சிக்குப் பிடித்துவிடும். பிறகு கீழிமையை இழுத்து, உண்டாகும் பள்ளத்தில் மெல்லிய கோடாக இடுங்கள். ட்யூப் நுனி எதிலும் படக்கூடாது. ஒருவருக்கு ஒரு ட்யூப். ஒரு கண்ணில் தொற்று இருந்தால் கண்ணுக்கு ஒன்று. தொற்றே இல்லாத கண்ணுக்குத் தினமும் ஆன்டிபயாடிக் ஆயின்மென்ட் போடும் வழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. ஈரம் கேட்கும் கண்ணுக்கு அது எதற்கு?

கண்ணுக்கு மேல் ஒட்டும் மெல்லிய படலமான பாலிதீன் மூடிக்குத்தான் எங்கள் ஓட்டு. அதற்குள் கண்ணீர் ஆவியாகாமல் ஈரம் தங்கும். 1995இல் வெளிவந்த ஓர் ஒப்பீட்டு ஆய்வில் இது சொட்டைவிடக் கருவிழியை நன்றாகக் காத்தது. பின்னால் வந்த ஒப்பீடுகளில் ஆயின்மென்டுக்குச் சளைக்கவில்லை. வேலையும் மிச்சம். புருவத்துக்கு மேலிருந்து கன்ன எலும்பு வரை மூடி, நான்கு பக்கமும் மைக்ரோபோர் என்ற காகித டேப்பை ஒட்டுங்கள். படலம் விழியைத் தொடக்கூடாது. இதன் பெரிய குறை ஓரம் தூக்கிக்கொள்வது: வியர்வையோ முகத்தில் பூசிய எண்ணெயோ இருந்தால் டேப் நிற்காது, விளிம்பு திறந்தால் பயனும் போயிற்று. ஏற்கெனவே சீழ் வரும் கண்ணை இப்படி மூடி வைக்காதீர்கள்.

எதை வாங்கினாலும் முதலில் டார்ச் அடித்துப் பாருங்கள். இமை முழுதாக மூடியிருந்தால் நிலை 0. கண்வெள்ளை மட்டும் தெரிந்தால் 1. கருவிழி தெரிந்தால் 2. நிலை 2இல் ஆயின்மென்ட் போட்டு, இமையை மூடி, மைக்ரோபோரைக் குறுக்காக ஒட்ட வேண்டும். காஸ் பேட் மட்டும் வைத்துக் கட்டுவது ஆபத்து. அடியில் இமை திறந்துகொண்டால் காஸே கருவிழியை உரசும்.

சக்‌ஷன் (குழாயால் சளியை உறிஞ்சி எடுப்பது) செய்யும்போது கண்ணை மூடிவிட்டுப் பக்கவாட்டில் நின்று செய்யுங்கள். குழாயை முகத்துக்கு மேலாக இழுக்காதீர்கள். சளியிலிருக்கும் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா காய்ந்த கருவிழியில் விழுந்தால் ஓரிரு நாளில் ஓட்டையே போட்டுவிடும். கருவிழியில் வெள்ளையாகப் புள்ளி தெரிந்தால் அன்றைக்கே கண் மருத்துவரை அழையுங்கள்.