தைராய்டுக்கு எந்தக் கோடு? ஐ.சி.டி.-10, அமெரிக்கப் பதிப்பு, ஐ.சி.டி.-11: ஓர் அலசல்

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து மருத்துவக் கோடிங், அதாவது கேஸ் ஷீட்டில் உள்ள நோயைக் குறியீடாக எழுதும் வேலை, படிக்க வரும் பிள்ளைகள் முதலில் கேட்பது, எந்தப் புத்தகத்தைப் படிப்பது என்பதைத்தான். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்க் குறியீட்டுப் பட்டியலான ஐ.சி.டி.-10 ஒன்று. அதையே அமெரிக்கா தன் தேவைக்கு விரித்துக்கொண்ட ஐ.சி.டி.-10 சி.எம். இன்னொன்று. 2022 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த ஐ.சி.டி.-11 மூன்றாவது. மூன்றின் குணமும் தெரிய வேண்டுமானால் தைராய்டை வைத்துப் பார்ப்பதே நல்லது என்பேன்.

பாலக்கோட்டிலிருந்து வந்த 52 வயதுப் பெண்ணின் கேஸ் ஷீட் என்று வைத்துக்கொள்வோம். நோய் விவரத்தில் ‘ஹைப்போதைராய்டு’ என்று மட்டும் இருக்கிறது. அவசரக் கோடர் ஈ03.9 போட்டுவிடுவார். வகை குறிப்பிடப்படாத தைராய்டு குறைவு என்பது அதன் பொருள். இரண்டு பக்கம் தள்ளிப் புரட்டினால், புற்றுநோய்க்காகச் சுரப்பியை முழுவதும் எடுத்துவிட்டார்கள், சிகிச்சை முடிந்துவிட்டது, தினமும் தைராக்சின் மாத்திரை எடுக்கிறார் என்ற குறிப்பு கிடக்கும். அப்படியானால் கோடு ஈ89.0, அதாவது சிகிச்சைக்குப் பின் வந்த தைராய்டு குறைவு. பழைய புற்றுநோயைச் சொல்ல, ஐ.சி.டி.-10இல் பல உறுப்புகளுக்கும் பொதுவான இசட்85.8தான் உண்டு. அமெரிக்கப் பதிப்பிலோ இசட்85.850 என்று தைராய்டுக்கே தனிக் கோடு இருக்கிறது. ஐ.சி.டி.-11 சிகிச்சைக்குப் பிந்தைய குறைவை 5டி40 என்று வைக்கிறது. ஈ03.9 போட்டு மூடிவிட்டால் அந்தப் பெண்ணின் அறுவை சிகிச்சையே ஆவணத்தில் இல்லாமல் போகிறது. இதை நான் சின்னத் தவறாக நினைக்கவில்லை.

கர்ப்பிணிகள் விஷயத்தில் அமெரிக்கப் பதிப்பின் நுணுக்கம் இன்னும் தெளிவாகத் தெரியும். 20 வாரக் கர்ப்பிணிக்குத் தைராய்டு குறைவு என்றால் ஐ.சி.டி.-10இல் ஓ99.2, கூடவே ஈ03.9. அமெரிக்கப் பதிப்பில் ஓ99.282 என்று எழுதும்போதே இரண்டாம் மூன்று மாதம் என்பது வந்துவிடுகிறது. வாரத்துக்கு இசட்3ஏ.20 தனியாக உண்டு. தைராய்டு அதிகமாகச் சுரக்கும் கிரேவ்ஸ் நோயிலும் இப்படித்தான். ஐ.சி.டி.-10இல் நோய்க்கு ஈ05.0, அந்தச் சுரப்பு உயிருக்கே ஆபத்தாக முற்றும் தைராய்டு நெருக்கடி நிலைக்குத் தனியாக ஈ05.5. அமெரிக்கர்கள் நெருக்கடியை ஐந்தாம் இலக்கத்தில் வைத்துவிட்டார்கள். ஈ05.00 என்றால் நெருக்கடி இல்லை, ஈ05.01 என்றால் உண்டு. இது எனக்குப் பிடித்த ஏற்பாடு. ஒரே கோடில் நோயும் ஆபத்தும் தெரிகின்றன.

மூன்றுமே நம்மைச் சிக்கலில் விடும் இடம் ஒன்று உண்டு. தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். மட்டும் கூடியிருக்கும், தைராய்டு சுரக்கும் ஹார்மோனான டி4 சரியாக இருக்கும், அறிகுறி பெரிதாக இருக்காது. இதற்கு ஈ02 என்று பலரும் பழகிவிட்டார்கள். ஆனால் ஐ.சி.டி.-10இல் அதன் தலைப்பிலேயே அயோடின் குறைபாடு இருக்கிறது. அயோடின் கலக்காத உப்பை உணவுக்கு விற்க நாட்டில் 2006லேயே தடை வந்துவிட்டது. அப்படியிருக்க, மருத்துவர் எழுதாத அயோடின் குறைபாட்டை நாமாக எப்படி ஏற்றுவது? ஐ.சி.டி.-10இல் ஈ03.8தான் பொருத்தம் என்பது என் கருத்து. ஐ.சி.டி.-11இலும் 5ஏ00.22இன் தலைப்பில் அதே அயோடின் ஒட்டிக்கொண்டிருப்பது ஏமாற்றம்தான்.

நம் மாவட்டங்களுக்கே உரிய ஒரு சபலமும் இருக்கிறது. நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. தைராய்டுக்கும் தண்ணீர்தான் காரணம் என்று நோயாளியும் உறவினரும் சொல்வார்கள். ஃப்ளூரைடு மிகுதியால் வரும் ஃப்ளூரோசிஸ் நோய் எலும்பில் வந்தால் எம்85.1, பல்லுக்கு கே00.3 என்று கோடுகள் உள்ளன. மருத்துவர் அந்த நோயைக் கண்டு எழுதியிருந்தால் மட்டும் போட வேண்டும். பென்னாகரத்துக்காரர் என்பதற்காகப் போடக் கூடாது.

இனி, எதைப் படிப்பது? இங்குள்ள மருத்துவமனை ஆவணப் பிரிவில் வேலை பார்க்க விரும்புகிறவருக்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-10 போதும். சேலம், சென்னை, பெங்களூரு நிறுவனங்களில் அமெரிக்க மருத்துவமனைகளுக்கான வேலை தேடுகிறவர்கள் சி.எம். இல்லாமல் உள்ளே நுழைய முடியாது. ஆண்டுதோறும் அக்டோபர் 1இல் அது புதுப்பிக்கப்படுவதால் பழைய புத்தகத்தை மலிவு விலைக்கு வாங்க வேண்டாம். ஐ.சி.டி.-11ஐப் பணம் கொடுக்காமல் இணையத்திலேயே தேடிப் பார்க்கலாம். ஆனால் வேலைக்காக அதை முதலில் எடுப்பது இப்போதைக்கு வீண்.

இரண்டில் எதைத் தொடங்கினாலும் முதல் வாரத்திலேயே ஈ03இன் கீழ் உள்ள விலக்குக் குறிப்பை, அதாவது எவற்றை அங்கே போடக் கூடாது என்ற பட்டியலை, படித்துவிடுங்கள். ஈ89.0க்குப் போக வேண்டியவர்களும், ஈ00 முதல் ஈ02 வரை போக வேண்டியவர்களும் அங்கேயே சொல்லப்பட்டிருக்கிறார்கள். கேஸ் ஷீட்டில் விவரம் போதாவிட்டால் மருத்துவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: அறுவையோ கதிர்வீச்சோ நடந்ததா, கர்ப்பமா, எந்த மருந்தாலாவது வந்ததா. மருந்தால் என்றால் அதற்கு ஈ03.2 இருக்கிறது.